வலிக்காத வயிறு

வலிக்கவில்லை. விழித்ததும் முதலில் தெரிந்தது அதுதான். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுகிறது. மூக்குக்குள் ஒரு குழாய் போகிறது, புறங்கையில் ஊசி, கீழே சிறுநீருக்கு இன்னொரு குழாய், தொண்டை வறண்டு கிடக்கிறது. எல்லாம் அவர்கள் சொன்னபடியே இருக்கிறது, வயிறு மட்டும் சொன்னபடி இல்லை. தொப்புளுக்கு மேலும் கீழுமாகக் கிழித்து, பெருங்குடலில் இருக்கிற கட்டியை அதன் இரண்டு பக்கத்துக் குடலோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்துவிடுவோம் என்று சர்ஜன் சொன்னார். ரோட்டில் குழாய் உடைந்தால் முனிசிபாலிட்டிக்காரன் செய்கிற அதே வேலைதானே என்று நானும் தைரியமாகத் தலையாட்டினேன். அவ்வளவு வெட்டும் தையலும் நடந்த வயிறு இப்படியா சாதுவாகப் படுத்திருக்கும்? கால் கட்டைவிரலில் நகச்சுத்தி வந்தால் வீட்டை இரண்டாக்குகிறவன் நான். மெல்ல இடது கையைப் போர்வைக்குள் விட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். பஞ்சும் பிளாஸ்திரியும் தட்டுப்படுகின்றன, அதை அடுத்துத் தோல். கைக்குத் தோல் தெரிகிறது, தோலுக்குக் கை தெரியவில்லை. கிள்ளிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரன் வயிற்றைக் கிள்ளினது மாதிரி இருந்தது. உள்ளே ரொம்ப ஆழத்தில் யாரோ மெதுவாக இழுக்கிற மாதிரி ஒரு மந்தம், அவ்வளவுதான், அஜீரணத்தில்கூட இதைவிட அதிகமாக இழுக்கும். இருமிப் பார்ப்போம் என்று இருமினேன். மார்பில் இருந்த சளி அசைந்து கொடுத்தது, வயிறு குலுங்கியது, ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை, வேண்டுமென்றே, பஸ் ஸ்டாண்டில் துப்புவதற்கு முன்னால் இருமுகிறவனைப் போல அடிவயிற்றிலிருந்து இருமினேன். அப்போதும் ஒன்றும் இல்லை. சந்தோஷப்பட வேண்டியவன் ஏன் வியர்த்துக்கொண்டு கிடக்கிறேன் என்று எனக்கே கொஞ்ச நேரம் புரியவில்லை.

பக்கத்துக் கட்டில்காரர் இருமினார், அப்போது புரிந்தது. ஜெபமணி என்று பெயர், சாயர்புரத்துக்காரர், குடல்வால் வெடித்து அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்களாம், ஒன்றுக்கும் நேரமில்லாமல் அப்படியே உள்ளே ஏற்றிவிட்டார்களாம். மனுஷன் இருமுவதற்கு முன்னால் ஒரு தலையணையை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொள்கிறார், கண்ணை மூடுகிறார், ஏசுவே என்று ஒரு சத்தம், பிறகு பூனைக்குட்டி இருமுகிற அளவுக்கு ஒரு இருமல், அதற்கே முகம் கோணி நெற்றி நனைந்துவிடுகிறது. அவருக்கு வலிக்கிறது. அவர் வயிற்றில் ஏதோ நடந்திருக்கிறது. சுண்டுவிரல் அளவு குடல்வாலை எடுத்ததற்கே மனுஷனுக்கு இந்தப் பாடு என்றால், குடலையே வெட்டி எடுத்த எனக்கு எப்படி இருக்க வேண்டும்? நான் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். சத்தியமாகப் பொறாமைதான். பஸ்ஸில் ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தவனைப் பார்க்கிற பார்வை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, சாருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது என்கிற மாதிரித் தலையசைத்தார், பேசத் தெம்பில்லை. எனக்கு அந்தத் தலையசைப்பு பிடிக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் அந்த வாக்கியம் வந்துவிட்டது. எங்கே இருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்து தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டது. திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். நம் ஊரில் அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், குழாயடியில், கல்யாண வீட்டுப் பந்தியில், பக்கத்தில் இருப்பவர் காதுக்கு மட்டும் எட்டுகிற மாதிரிச் சொல்லுவார்கள், சொல்லிவிட்டு நாக்கில் ஒரு ச்சு கொட்டுவார்கள். நானே எத்தனை பேரைப் பற்றி அப்படிக் கேட்டு ச்சு கொட்டியிருக்கிறேன்.

தளவாய் மச்சானைப் பற்றி மட்டும் ச்சு கொட்ட முடியவில்லை. என் பெண்டாட்டி செண்பகத்தின் கூடப்பிறந்த அண்ணன். அவருக்கு இரைப்பையில் வந்தது. மதுரைக்குக் கொண்டுபோனோம். உள்ளே போன வேகத்தில் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள், எல்லா இடத்திலும் பரவிவிட்டது, கை வைக்க வழியில்லை, மூடிவிட்டோம் என்றார் டாக்டர். பெரியவர்கள் கூடிப் பேசி, அவருக்குத் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். யார் போய்ப் பொய் சொல்வது என்று எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க, செண்பகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டே, எல்லாம் எடுத்தாச்சுண்ணே, இனிமே ஒண்ணுமில்லை என்று சொன்னாள். சிரித்தாள். உரித்ததில் பாதியைத் தானே தின்றாள். நான் வாசலில் நின்று பார்த்தேன், எனக்கே ஒரு நிமிஷம் உண்மையாக இருக்குமோ என்று தோன்றியது. தளவாய் மச்சான் அதை அப்படியே நம்பினார். அவருக்கும் பெரிதாக வலிக்கவில்லை. கைராசிக்கார டாக்டர், வலியே தெரியலை என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஊருக்குத் திரும்பியதும் மாடியில் ஒரு ரூம் கட்ட வேண்டும் என்று கொத்தனாரைக் கூப்பிட்டார். கொத்தனாருக்கு விஷயம் தெரியும். அவனும் டேப்பைப் பிடித்து அளந்து, கிழக்கே ஜன்னல் வைக்கலாமா என்று கேட்டுவிட்டுப் போனான். தெருவில் எல்லோருக்கும் தெரியும், பால்காரனுக்குத் தெரியும், அவர் ஒருத்தருக்குத்தான் தெரியாது. எனக்கு அவர் செத்ததைவிட அந்த ஜன்னல்தான் ரொம்ப நாள் உறுத்தியது. அதனால்தான் கட்டி என்று தெரிந்த அன்றைக்கே வீட்டில் சொன்னேன், என்னிடம் எதையும் மறைக்கக் கூடாது, என்ன இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று. எல்லோரும் சரி என்றார்கள். தளவாய் மச்சான் கேட்டிருந்தால் அவரிடமும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

வேறு யாராவதாக இருந்தால் குழம்பிக்கொண்டு கிடக்கலாம். நான் கோமதிநாயகம், அரசு போக்குவரத்துக் கழகத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். திருநெல்வேலி திருச்செந்தூர் ரூட்டில் எந்த வண்டியை எந்த வளைவில் மறித்தாலும், படியில் கால் வைக்கிறபோதே யாரிடம் டிக்கெட் இல்லை என்று சொல்லிவிடுவேன். கேட்பதற்கு முன்னாலேயே சட்டைப் பையைத் தடவுகிறவன், திடீரென்று வெளியே வயலைப் பார்க்கிறவன், நம் கண்ணைப் பார்க்காமல் நம் பட்டனைப் பார்க்கிறவன். என்னோடு வேலை பார்த்தவர்கள் கேட்டால் சொல்வார்கள், கோமதி சாருக்கு டிக்கெட்டே வேண்டாம், முகத்தைக் காட்டினால் போதும். அந்தத் தொழிலை எடுத்துக்கொண்டு இப்போது படுத்தபடியே என் வீட்டு ஆட்களைச் சோதிக்கிறேன். மகன் சண்முகராஜ் வந்து குனிந்து, எல்லாம் எடுத்தாச்சுப்பா என்றான். சொல் மாறாமல் அதே வார்த்தை. அண்ணே என்கிற இடத்தில் அப்பா, அவ்வளவுதான் வித்தியாசம். செண்பகம் அவனுக்குப் பின்னால் நின்றாள், என் கால் பக்கம் வந்து போர்வையைச் சரிசெய்தாள், மூத்திரப்பையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், குளுக்கோஸ் சொட்டுவதைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. சுகமா இருக்கா என்று கேட்டதுகூடச் சுவரைப் பார்த்துத்தான். அவளோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன், சண்டை போட்டால்கூட நேருக்கு நேர் முறைத்துச் சண்டை போடுகிறவள், சுவரோடு பேசிப் பார்த்ததில்லை. மகன் அவளிடம் இட்லிப் பொட்டலத்தை நீட்டினான், வேண்டாம் என்று தள்ளினாள். அவன் கொஞ்சம் வற்புறுத்தினான், அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

பயத்தில் உளறக் கூடாது, முறைப்படி விசாரிக்க வேண்டும். இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்பதுதான் முறை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே இடத்தில் ஏறினோம் என்று சாதிப்பார்கள், பிரித்துக் கேட்டால் ஒருத்தர் கருங்குளம் என்பார், இன்னொருத்தர் ஆழ்வார்திருநகரி என்பார். மகனிடம் சாதாரணமாகக் கேட்டேன், என்னை எப்போது வெளியே கொண்டுவந்தார்கள் என்று. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் என்றான். நல்லது. காலையில் உள்ளே போனவன் மத்தியானம் தாண்டி வெளியே வந்தால் வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு மூச்சு சீராக வந்தது. செண்பகம் திரும்பி வந்ததும் அதே கேள்வியை அவளிடம் கேட்டேன், ரொம்ப நேரம் காத்திருந்தியா என்கிற மாதிரி, அக்கறையாக. அவள் மேஜையைத் துடைத்துக்கொண்டே, காலைலயே முடிஞ்சிட்டுல்லா என்றாள். ஆக, கருங்குளம் ஒருத்தர், ஆழ்வார்திருநகரி ஒருத்தர். காலையிலேயே முடிந்துவிட்டது என்றால் திறந்தார்கள், பார்த்தார்கள், மூடினார்கள். பிறகு மத்தியானம் வரைக்கும் மயக்கம் தெளிகிற அறையில் சும்மா போட்டு வைத்திருந்தார்கள். மகன் கதையை நன்றாகக் கட்டியிருக்கிறான், அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டான். ஒரு பக்கம் பயம் வயிற்றைப் பிசைகிறது, இல்லை, வயிற்றைப் பிசையவில்லை, வயிறுதான் மரத்துக் கிடக்கிறதே, தொண்டையைப் பிசைகிறது. இன்னொரு பக்கம், வெட்கமாக இருக்கிறது சொல்ல, ஆளைப் பிடித்துவிட்டோம் என்கிற அந்தப் பழைய திருப்தியும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது.

சிஸ்டர் வந்தாள். காத்து பிரிஞ்சுதா தாத்தா என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். மலையாளத்துப் பெண், குரலில் கூச்சம் கிடையாது. வயிற்று ஆபரேஷன் செய்துகொண்டவனிடம் உலகம் கேட்கிற கேள்வி இது ஒன்றுதான். குடல் வேலை செய்ய ஆரம்பித்ததற்கு அதுதான் அடையாளமாம். போனில் விசாரித்த என் சம்பந்தி, மரியாதைப்பட்ட மனுஷன், அவரும் மகனிடம் இதைத்தான் கேட்டிருக்கிறார். இல்லை என்றேன், என்னவோ பரீட்சையில் தோற்றவன் மாதிரி. ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள், அதில் மூன்று பந்துகள், குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் பந்து மேலே போக வேண்டும். நுரையீரலில் சளி கட்டாமல் இருக்கவாம். ஜெபமணி ஒரு பந்தை அரைவாசி கிளப்புவதற்குள் தலையணையைத் தேடினார். நான் உறிஞ்சினேன். மூன்றும் சடசடவென்று மேலே போய் நின்றன. சிஸ்டர் அசந்துபோய் சூப்பர் என்றாள். ஒரு கணம் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இந்த வயதில், வயிறு கிழிந்து கிடக்கிறபோது, மூன்று பந்து. இந்த உடம்பு இன்னும் ரொம்ப நாள் ஓடும் என்று தோன்றியது. தோன்றிய வேகத்திலேயே, உள்ளே ஒன்றும் செய்யாத உடம்பு உறிஞ்சாமல் என்ன செய்யும் என்று அடுத்த நினைப்பு வந்து பந்து மூன்றையும் கீழே போட்டது. இப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது, எந்த ரோட்டில் போனாலும் அந்த ஒரு ஸ்டாப்பில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

சாயங்கால வெயில் ஜன்னல் கம்பியில் இறங்குகிற நேரத்துக்கு மயக்க டாக்டர் வந்தார். பியூலா டாக்டர், நேற்றே வந்து பேசியவர்தான். நேற்று அவர் என்னவெல்லாமோ விளக்கமாகச் சொன்னார், வலி தெரியாமல் இருக்க ஒரு ஊசி போடுவோம் என்றார். நான் காதில் வாங்கவில்லை. ரத்தம் எடுக்கிறவன்கூட வலிக்காது சார் என்று சொல்லித்தான் குத்துகிறான், அந்த வார்த்தைக்கு ஆஸ்பத்திரியில் என்ன மதிப்பு? முதுகுத்தண்டில் மட்டும் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். எங்கள் டெப்போவில் முதுகில் ஊசி போட்டுக்கொண்ட ஒவ்வொருத்தனும் ஆயுசுக்கும் இடுப்புவலி என்று மெடிக்கல் லீவு எடுத்தவன். அதெல்லாம் ஊசியால் வருவதில்லை என்று டாக்டர் சிரித்தார், ஆனால் வற்புறுத்தவில்லை, சரி முன்பக்கமே போட்டுக்கலாம் என்றார். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். இப்போது அவர் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை எடுத்து என் தோளில் வைத்தார், ஜில்லென்றது. வயிற்றில் வைத்தார், பஞ்சு வந்ததே தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்த்திக்கொண்டே வந்து, ஜில்லுனு ஆனதும் சொல்லுங்க என்றார். விலா எலும்புக்குப் பக்கத்தில் வந்ததும் ஜில்லென்றது. அதற்கு மேலே நான், அதற்குக் கீழே என் பெயரில் கிடக்கிற வேறு எதுவோ. டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது, சமையல் பதமாக வந்தவர்கள் முகம் அப்படி மலரும். வயிற்றுச் சுவரில் தசை அடுக்கடுக்காக இருக்கிறதாம், இரண்டு அடுக்குக்கு நடுவில் நரம்புகள் வருகின்றனவாம், நான் தூங்கின பிறகு ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இரண்டு பக்கமும் அந்த இடுக்கில் மருந்தை விட்டிருக்கிறார்கள். கிழித்த இடத்துச் சேதி மூளைக்குப் போகிற வழியில் அடைத்தாயிற்று. உள்ளே இழுக்கிற மந்தத்துக்கு மட்டும் டிரிப்பில் தனி மருந்து ஓடுகிறது. நாளைக் காலை வரைக்கும் தாங்கும், அதற்குப் பிறகு லேசாகச் சுருக்கென்றாலே சிஸ்டரிடம் சொல்ல வேண்டும், வீரத்தைக் காட்டிக்கொண்டு தாங்கக் கூடாது, நன்றாக மூச்சு விட்டு இருமி நாளைக்கே எழுந்து நடப்பதற்குத்தான் இவ்வளவும் என்றார். ஆக வலி இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. அதோடு விட்டிருக்கலாம், ஆனால் முப்பது வருஷப் பழக்கம், கடைசி சீட் வரைக்கும் பார்க்காமல் இறங்க மாட்டேன்.

"சும்மா திறந்து பாத்துட்டு மூடினாக்கூட இந்த ஊசி போடுவீங்களா டாக்டர்?"

"வயித்தைக் கிழிச்சா யாருக்கும் போடுவோம் சார். உள்ள என்ன நடந்துதுன்னு இந்த நரம்புக்குத் தெரியாது."

அவர் வெள்ளந்தியாகத்தான் சொன்னார். உள்ளே என்ன நடந்தது என்பதைச் சர்ஜன் காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது சொல்வார், என் வேலை வலி மட்டும்தான் என்று சொல்லிவிட்டு ஜெபமணியின் கட்டிலுக்குப் போனார். அங்கே குனிந்து, உங்களுக்கும் இப்போதுகூடப் போடலாம், போட்டுவிடலாமா என்று கேட்பது காதில் விழுந்தது. ஜெபமணி கும்பிட்டார். திரையை இழுத்தார்கள், ஒரு சின்ன ஸ்கேன் மிஷினை உருட்டிக்கொண்டு வந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல், முழு இருமல், ஏசுவே இல்லாமல். இனி அவரிடமும் சாட்சி இல்லை. அந்த மருந்து எனக்குச் செய்ததைத்தான் அவருக்கும் செய்கிறது, நல்லதைத்தான் செய்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இந்த டாக்டரம்மா நன்றாக இருக்க வேண்டும். ஆனால் என் கேள்வி இருந்த இடத்திலேயே இருக்கிறது. வலி இல்லாததும் சாட்சி இல்லை, நாளைக்கு வலி வந்தாலும் சாட்சி இல்லை. கிழித்ததற்கு வலிக்கும், எடுத்ததற்கா எடுக்காததற்கா என்று வலி வந்து சொல்லாது. மிஞ்சி இருப்பது முகங்கள்தான். அவற்றில் ஒன்று சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சாவதற்குப் பயமா என்று கேட்டால் பயம்தான், இல்லை என்று சொல்ல நான் என்ன மகானா? ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. வண்டி எங்கே போகிறது என்று டிரைவருக்குத் தெரியும், கண்டக்டருக்குத் தெரியும், பக்கத்து சீட்டுக்காரனுக்குத் தெரியும், நான் மட்டும் கையில் பையை வைத்துக்கொண்டு வெளியே வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டே போவது. கிழக்கே ஜன்னல் வைக்கலாமா என்று யாராவது என்னைக் கேட்பது. அது நடக்கக் கூடாது. இருக்கிறது என்றால் இருக்கிறது, அதற்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ள எனக்குத் தெரியும், அந்த அளவுக்கு என் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு.

விளக்கைப் போட்டார்கள். மகனைக் காப்பி குடித்துவிட்டு வா என்று அனுப்பினேன். போகத் தயங்கினான், போலேய் என்று அதட்டியதும் போய்விட்டான். செண்பகம் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், உடம்பைத் திருப்பி, சுவர்ப் பக்கமாக. காதில் இருந்த கம்மல் மட்டும் எனக்குத் தெரிந்தது. நான் வார்த்தைகளை ஒத்திகை பார்த்தேன், நயமாகக் கேட்கலாமா, மிரட்டலாமா, ஏதாவது தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டு வாயைப் பிடுங்கலாமா. எத்தனை பேரிடம் எத்தனை தந்திரம் செய்திருக்கிறேன், ஒன்றும் வாயில் வரவில்லை. கடைசியில் அவள் பெயரைத்தான் சொன்னேன்.

"செண்பகம், தளவாய் மச்சானுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லாத. உள்ள இருந்தா இருக்குன்னு சொல்லிரு."

அவள் முதுகு விறைத்து நிமிர்ந்தது. திரும்பப் போகிறாள் என்று நினைத்தேன், திரும்பவில்லை. மூக்கை உறிஞ்சினாள். பிறகு, சுவருக்குச் சொல்வது போலவே, ஆனால் குரலில் கொஞ்சம் கோபத்தோடு சொன்னாள்.

"அண்ணனுக்குப் பொய் சொன்னப்போ எப்படிச் சொன்னேன்னு நீங்களும்தான பாத்தீங்க. முகத்துக்கு நேரா சிரிச்சு, கூடவே உக்காந்து தின்னு சொன்னேன். இப்ப நான் அப்படியா இருக்கேன்?"

இல்லை. அப்படி இல்லை. அவள் சொல்கிறவரைக்கும் எனக்கு அது உறைக்கவில்லை. பிறகு நடந்ததைச் சொன்னாள். விட்டு விட்டுச் சொன்னாள். சண்முகராஜை ரத்தம் வாங்க ரத்த வங்கிக்கு அனுப்பியிருந்தார்களாம். இவள் தனியாக தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தபோது கதவைத் திறந்து, கோமதிநாயகம் கூட வந்தவங்க யாரு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். எடுத்ததை வீட்டு ஆட்களுக்குக் காட்டுவது அவர்கள் வழக்கம், மகன் வரட்டும் என்று நிறுத்தி வைக்க முடியாது. இவள்தான் போனாள். சைவ வீட்டில் பிறந்து, பக்கத்து வீட்டில் மீன் கழுவினால் ஜன்னலைச் சாத்துகிறவள், கறிக்கடை வந்தால் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கமாகப் போகிறவள். சர்ஜன் ஒரு எவர்சில்வர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். கையுறையோடு அதைப் பிரித்து, இதுதான் கட்டி, இது இந்தப் பக்கத்து நல்ல குடல், இது அந்தப் பக்கத்து நல்ல குடல், இரண்டு ஓரத்திலும் கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை, கல்லீரலையும் தடவிப் பார்த்தாயிற்று, மிச்சம் பரிசோதனையில் தெரியும் என்று சொல்லியிருக்கிறார். அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று இவள் நினைத்துக்கொண்டாள், தையல் போடுவதெல்லாம் அதற்குப் பிறகு என்று தெரியாது. மயக்கம் வருகிற மாதிரி இருந்ததாம், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பார்த்தது போதும்மா, போய் உட்காருங்க என்று அவரே சொன்னாராம். இவள் போகவில்லை, இன்னொரு தடவை காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறாள்.

"நீங்க எங்கிட்ட கேப்பீங்கன்னு தெரியும். யாரோ சொன்னாங்கன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. அதான் என் கண்ணாலயே முழுசா பாத்தேன். இப்ப உங்க முகத்தைப் பாத்தாலே அந்தத் தட்டுதான் முன்னால வருது, சோறு எறங்கல. ரெண்டு நாள் போகட்டும். அதுவரைக்கும் சுவத்தைப் பாத்தே பேசுதேன், கோவிச்சுக்கிடாதீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமாகவே வந்தது, வயிறு குலுங்கக் குலுங்க, தையல் போட்ட இடமெல்லாம் தூக்கித் தூக்கிப் போட அழுதேன். ஒரு பொட்டு வலிகூட இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் ஜெபமணி என்ன ஆச்சு என்று யாரையோ கேட்டார். செண்பகம் சுவரைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டி என் கையைத் தேடினாள், ஊசி இல்லாத கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. நான் முகத்தை அவள் கைமேல் துடைத்துக்கொண்டு, எவ்வளவு நீளம் இருந்துச்சு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான், ஆனால் கேட்டேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு, திரும்பாமலே இடது கையை உயரத் தூக்கி, வலது கையால் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைத் தொட்டு, அங்கிருந்து விரல் நுனி வரைக்கும் தடவிக் காட்டினாள்.